பன்னிரண்டு நாள் மாத்திரை

மலை மேலே ஏறி வருவதற்குள் புது நர்ஸுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாதையா அது! ஒரு காலை ஊன்றினால் மறு கால் வழுக்குகிறது. பகல் பதினொரு மணிக்கே மூடுபனி கண்ணை மறைத்தது. மருந்துப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் போட்டபடி, தன்னை இங்கே தள்ளிவிட்ட ஆபீஸரை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

பழைய நர்ஸ் இந்தப் பாதையோரப் பள்ளத்தில்தான் விழுந்து செத்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நாளாக மேலே யாரும் போகவில்லை. அங்கே ஒருத்தி காசநோய்க்காரி, கைக்குழந்தைக்காரி. ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை விழுங்க வேண்டியவள். விட்டால் நோய் திருப்பிக்கொள்ளும், அப்புறம் மருந்துக்கும் அடங்காது. உயிரோடாவது இருப்பாளா? நர்ஸ் குடிசைக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் திக்கென்றது. கன்னம் உப்பி, முகம் தெளிந்து, குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள்!

"மாத்திரை கொண்டாந்திருக்கேன்மா."

"இப்பத்தானே போட்டேன் சிஸ்டர்? அக்கா குடுத்தாங்க."

"எந்த அக்கா?"

"எப்பவும் வர்றவங்கதான். ஒரு நாள்கூட விடலையே. பாவம், துணியெல்லாம் ஒரே சேறு."

நர்ஸ் அவளை உற்றுப் பார்த்தாள். காய்ச்சலில் பிதற்றுகிறாளோ? நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஒரே நாளில் இரண்டு தடவை போட்டால் ஈரலுக்கு ஆபத்து, போடாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. என்ன எழவு சோதனை இது!

துணிந்து மாத்திரையை நீட்டினாள். "என் கண்ணு முன்னாடி முழுங்கும்மா."

அவள் வாங்கவில்லை. நர்ஸின் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அக்கா வேணாங்கறாங்க."

பின்கழுத்தில் ஈரமண் வாடை அடித்தது.

நர்ஸ் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை.

"உங்ககிட்ட கையை நீட்டறாங்க," தாய் கிசுகிசுத்தாள். "குழந்தை மருந்து கேக்கறாங்க போல."

அடப் பாவமே! நோய்க்காரியின் பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கும் தினம் தடுப்பு மருந்து உண்டே. அதைக் கீழேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நாளைக்குக் கண்டிப்பா கொண்டாரேன்," என்றாள்.

வாடை அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

பாயில் கிடந்த குழந்தை யாரையோ பார்த்துச் சிரித்தது. பொக்கை வாயைத் தானாகவே திறந்தது.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

கசப்புத் தாங்காமல் முகத்தைச் சுளித்தது.

"சமத்து," என்றது பாய்ப் பக்கமிருந்து ஒரு குரல். தாய் வாயே திறக்கவில்லை.