மாடில்லாத நேரத்தில் ஊதிய சங்கு

இன்ஸ்பெக்டர் நிகானோர் ஒபாந்தோ காலைக் காப்பியை வாயருகே கொண்டுபோனபோது, எர்மெலிந்தா, எங்கள் ஊர் மரியாதையில் தோனியா எர்மெலிந்தா, கையில் துடைப்பத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள்.

"கல்லைக் காணோம், தோன் நிகானோர்! எங்கப்பா கல்லைக் காணோம்!"

காப்பி மேசைக்கே திரும்பிப் போனது. பக்கத்தில் சோறும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்த உதவியாளர் யோர்லேனி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அது என்ன கல் என்று எங்கள் கடலோர ஊரான சான் லிசாந்த்ரோவில் யாரும் கேட்கமாட்டார்கள். தர்பூசணி அளவு, கறுப்பு, உருண்டை. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால், இரும்பையே பார்க்காத மனிதர்கள் செதுக்கியது. எதற்காகச் செதுக்கினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் தடவினாலும் ஒரு மேடு பள்ளம் கிடையாது. அதைத் தொட்டால் என்னைப் போன்ற வாயாடிக்கும் பேச்சு நின்றுபோகும். வாழைத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிய காலத்தில், உள்ளே தங்கம் இருக்கிறதென்று மற்ற கற்களையெல்லாம் வெடி வைத்துப் பிளந்தார்கள், பாவிகள். எர்மெலிந்தாவின் அப்பா மட்டும், வெடி வைத்த பிறகும், இந்த ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். பிறகு அதை ஊருக்கே கொடுத்தார். விமானக் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறைக் காட்சிசாலையில் மகள் அதைக் காவல் காக்கிறாள்.

"ஊரு என்ன சொல்லும்? நான்தான் வித்துட்டேன்னு சொல்லும். அப்பா உயிரைப் பணயம் வச்சுக் காப்பாத்தினதை மகள் தொலைச்சுட்டா" என்று அவள் அழுதாள்.

"கதவு திறந்தா இருந்தது?"

"சங்கு ஊதுச்சே, ஓடமாட்டேனா?"

அது நியாயம்தான். விமானம் இறங்கப் போகிறது, ஏறப் போகிறது என்றால் கொட்டகையில் சங்கு ஊதும். உடனே ஊரே கம்பும் துடைப்பமுமாக ஓடி, ஓடுபாதையில் மேயும் மாடுகளை விரட்டும். அந்த நேரத்தில் யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

"ஓடிப்போய்ப் பார்த்தா ஒரு மாடும் இல்ல. விமானி இன்னும் இன்ஜினே போடல. திரும்பி வந்தா கல்லும் இல்ல."

"கிளம்புங்க தோன் நிகா!" என்று யோர்லேனி குதித்தாள். "ஆத்து வெள்ளம் பாலத்தைப் போன வாரமே அடிச்சுட்டுப் போயிடுச்சு. இன்னிக்குக் கடல் பொங்குது, படகும் கிடையாது. கல்லு போகணும்னா விமானத்துலதான் போகணும். அது பறந்துட்டா அவ்வளவுதான்!"

கொட்டகையில் சுற்றுலா வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் சின்ன விமானத்துக்கு ஆளையும் நிறுக்க வேண்டும், பையையும் நிறுக்க வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த புகைப்படக்காரி ரெனாத்தா, விமானி ஃபப்ரீசியோவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் கேமரா முக்காலியை மட்டும் விட்டுட்டுப் போகணுமா? இது என்ன அநியாயம்?"

"பாரம் நிறைஞ்சு போச்சு, அம்மா. ஒரு செருப்பு கூட ஏறாது. நாளைக்கு அனுப்பறேன்" என்றான் ஃபப்ரீசியோ. முந்தின மாலை விமானத்தோடு வந்து இங்கேயே தங்கியவன். ஐந்து வருஷமாக எங்கள் ஊருக்குப் பறப்பவன். "சீக்கிரம் சோதிச்சு முடிங்க, தோன் நிகானோர். மேகம் கூடுது."

நிகானோர் உட்கார இடம் தேடிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

யோர்லேனி பம்பரமாகச் சுழன்றாள். எல்லாப் பைகளையும் திறந்தாள். ப்ரூயிட் என்ற நரைத்த அமெரிக்கரின் பையை இரண்டு முறை கவிழ்த்தாள். முந்தின நாள் விமானம் இறங்கிய பிறகுதான் அவர் முதல் முறையாக, படகில், இந்த ஊருக்கு வந்திருந்தார். வந்ததும் அந்தக் கல்லை விலைக்குக் கேட்டு எர்மெலிந்தாவிடம் வசை வாங்கியிருந்தார். ஆனால் பையில் சட்டைகள்தான் இருந்தன. பிறகு விமானத்துக்குள் ஏறி இறங்கினாள்.

"வால்ல பைங்க, ஒரு எண்ணெய் டப்பா, எப்பவும் இருக்கிற மணல் மூட்டை. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் முகம் தொங்க. அவள் காலணியில் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது.

"கடற்கரைக்குப் போனியா?"

"இல்லையே. காத்து திசை காட்டற பை தொங்குதே, அந்தக் கம்பத்தைச் சுத்தித் தேடினேன்."

எங்கள் ஓடுபாதை மண் மிளகாய்ப் பொடி மாதிரி சிவப்பு. நிகானோர் கம்பத்தடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு எல்லோரையும் கொட்டகை நிழலில் நிற்கச் சொன்னார்.

"அந்த அமெரிக்கர்தானே?" என்று யோர்லேனி அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"சங்கு ஊதினப்ப அவர் எங்க இருந்தார்?"

எதிர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து சிரிப்பு வெடித்தது. "மேசைக்கு அடியில! கடல் ஊருக்குள்ள வருதுன்னு நினைச்சுத் தலையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டார்!" என்றாள் கடைக்காரி. ப்ரூயிட்டின் காது சிவந்தது.

"பார்த்தியா? சங்கு எதுக்குன்னே தெரியாதவர், அதை ஊதி ஊரைக் காலி பண்ணியிருக்க முடியாது" என்றார் நிகானோர். "மத்த விருந்தாளிங்களும் நேத்து அதே படகுல வந்தவங்கதான். ஊதினவனுக்கு நம்ம ஊரு வழக்கம் தெரியும். ஆனா நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் ஓடுபாதையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அங்க வராத ஆள் யாரு?"

நிகானோர் விமானி பக்கம் திரும்பினார்.

"காப்டன், இன்னிக்கு விமானம் நிறைஞ்சிருக்கா?"

"சொன்னேனே, செருப்பு கூட ஏறாது."

"அப்போ மணல் மூட்டை எதுக்கு? ஆள் குறைஞ்சா வால் லேசாகும், அதுக்காகப் போடற மூட்டை அது. ஆள் நிறைஞ்ச அன்னிக்கெல்லாம் அதை இறக்கி இந்தக் கொட்டகையில போடுவீங்க. நான் அது மேலதான் உட்காருவேன். இன்னிக்கு எனக்கு உட்கார இடமில்ல. இந்த அம்மாவோட முக்காலிக்கு இடமில்லாத விமானத்துல, மணலுக்கு மட்டும் எப்படி இடம் வந்தது? அதுலயும் மூட்டையில இருந்த கறுப்புக் கடற்கரை மணல் பாதி கம்பத்தடியில கொட்டிக் கிடக்கு."

ஃபப்ரீசியோ ஓர் அடி பின்வாங்கினான். யோர்லேனி அதற்குள் விமானத்துக்கு ஓடிவிட்டாள்.

மூட்டையை அவிழ்த்தபோது கறுப்பு மணல் சரசரவென்று சரிந்தது. அதன் நடுவிலிருந்து கல் மெல்ல வெளியே வந்தது, பிறக்கும் குழந்தையின் தலை மாதிரி. அம்மாடி! பிறந்ததிலிருந்து பார்க்கிற கல்தான். இருந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரெனாத்தா கேமராவைத் தூக்கினாள், பிறகு எடுக்காமலே இறக்கிக்கொண்டாள்.

"வெறும் கல்லு. தலைநகர்ல ஒருத்தன் கேட்டான்" என்று ஃபப்ரீசியோ முணுமுணுத்தான்.

"எங்கப்பா இதுக்காக வெடி மேல உட்கார்ந்தார்டா!" என்று எர்மெலிந்தா கத்தினாள். பிறகு கல்லை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தை அதன் மேல் சாய்த்தாள்.

விமானி காவலில் போய்விட்டதால் தலைநகரிலிருந்து வேறு விமானம் வரவேண்டியதாயிற்று. பிற்பகலில் சங்கு ஊதியது. இந்த முறை ஓடுபாதை நிறைய மாடுகள். எர்மெலிந்தா பழக்கத்தில் துள்ளி எழப் போனாள். மடியில் கல். பூட்ட நேரமில்லை. சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் ப்ரூயிட்தான் இருந்தார்.

"பிடிங்க!" என்று கல்லை அவர் மடியில் வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு ஓடினாள்.

"தோனியா! அவர்கிட்டயா?" என்று யோர்லேனி பதறினாள். நிகானோர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

மாடுகள் விலகின, விமானம் இறங்கியது, வழக்கம்போல உள்ளே இருந்தவர்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. எர்மெலிந்தா வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது அந்த மனிதர் இம்மிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பி தரையில் கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கல்லின் மேல் விரிந்திருந்தன.

"நேத்து இதுக்கு விலை கேட்டேன்" என்றார் அரைகுறை ஸ்பானிஷில். "மன்னிச்சிடுங்க."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க. ஏறச் சொல்லி இன்னும் கூப்பிடல" என்றாள்.