மாப்பிள்ளை இணைப்பில் இருக்கிறது

மேசையில் இருந்தது ஒரே ஒரு ஷூ. அதைச் சுற்றி நின்றவை நான்கு கேமராக்கள். மடிக்கணினி மட்டும் ஐந்து என்றது.

படக்காரன் விரல் விட்டு எண்ணினான். நான்கு வரை எண்ணுவதில் இதுநாள்வரை யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. கேமரா நான்குதான். திரையிலிருந்த பட்டியலை எண்ணினான். ஐந்து.

பிற்பகல் மூன்று மணி, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஸ்டூடியோவில் இருந்த ஒரே ஜன்னலையும் கறுப்புத் துணியால் அடைத்திருந்ததால், அறைக்குப் பகல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. விளக்குகளின் சூடு, பசை நாடா வாசனை, கணினி விசிறியின் மெல்லிய முனகல், எங்கோ மாடிக் குழாயில் தண்ணீர் ஏறும் ஓசை, அவ்வளவுதான் அங்கே உலகம்.

கேமராக்களைத் தொடாமலே வேலை வாங்கும் செயலி அது. நாற்காலியைவிட்டு எழாமல் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், படம் எடுக்கலாம். ஒவ்வொரு கேமராவும் பார்ப்பது திரையில் ஒரு சதுரத்துக்குள் தெரியும். எங்காவது ஒரு முகம் தென்பட்டால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் ஒன்று தானாக விழும். ஷூவுக்கு முகம் கிடையாது என்பதால் கட்டத்துக்கு அன்று விடுமுறை.

கேமராக்களுக்குப் பெயர் வைத்தது அத்தான். அக்காவின் கணவர், தொழிலில் கூட்டாளி, வாயை மூடத் தெரியாதவர். பெரியவர், நடுவுலவர், குள்ளன், இரண்டு முறை சொன்னால்தான் கேட்கும் செவிடன். கடைசியாக வாங்கிய விலையுயர்ந்த கேமராவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "தூசி பட்டா மூஞ்சியத் தூக்கிக்குது. வேற என்னன்னு கூப்பிடுறது? உங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்கள்ல நான் ஒருத்தன்தான்டா தங்கம்" என்பார். அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையே அவர் ஒருவர்தான்.

பட்டியலின் ஐந்தாவது வரி: மாப்பிள்ளை. இணைப்பில் இருக்கிறது. பேட்டரி: முழுதாக.

மாப்பிள்ளை இரண்டு மாதமாக ஒரு நீர்த்தொட்டியின் அடியில், நாற்பதடித் தண்ணீருக்குக் கீழே கிடந்தது. அத்தானை அன்றைக்கே மேலே எடுத்துவிட்டார்கள். கேமராவைத் தேட யாருக்கும் மனமில்லை.

செயலிக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று முடிவுகட்டி, அதை மூடித் திறந்தான். ஐந்து. கணினியையே அணைத்துப் போட்டான். ஐந்து. போதாக்குறைக்கு இப்போது ஒரு கேள்வியும் வந்து நின்றது.

மாப்பிள்ளையில் 12 படங்கள் உள்ளன. இறக்கலாமா?

பன்னிரண்டு. அந்தக் கணக்கு இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தொட்டி கட்டும் வேலையை ஆரம்பம் முதல் முடிவுவரை படமாக்கும் ஒப்பந்தம் அது. கடைசி நாள் காலை, தொட்டியில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டிருந்தது; கீழே நின்ற வேனுக்குள் அவன் கணினியோடு இருந்தான். தொட்டி விளிம்பில் மாட்டியிருந்த மாப்பிள்ளையின் கண்ணில் பனி படிந்திருந்தது. "அத்தான், ஏறி ஒரு துடை துடைச்சிட்டு வாங்களேன்" என்றான். அவர் ஏறினார். கேமராவைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே பிடித்துச் சட்டை நுனியால் துடைத்தபடி நாக்கை நீட்டிக் காட்டினார். மஞ்சள் கட்டம் அவர் முகத்தைச் சுற்றிக் கச்சிதமாக விழுந்தது. துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அவர் நின்ற சாரப் பலகை எங்கே முடிகிறது என்று திரையில் அவனுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

போன் அவன் காதில்தான் இருந்தது. 'நில்லுங்க' என்ற ஒரு சொல் போதும். ஆனால் அத்தானின் தோளுக்குப் பின்னால் அப்போதுதான் சூரியன் எட்டிப் பார்த்தது, அப்படியொரு வெளிச்சம் எல்லா நாளும் வராது. அம்புக்குறியைப் படமெடுக்கும் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்தான். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு எட்டு.

அழுத்தினான். பன்னிரண்டு படங்கள். எட்டாவது எடுக்கும்போது அத்தானின் காலடியில் ஒன்றுமே இல்லை. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். செய்தி இன்னும் முகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

டீ வாங்கப் போயிருந்தேன் என்று அக்காவிடம் சொன்னான். அழுதான். அழுகை உண்மைதான், டீதான் பொய். கணினியிலிருந்த பன்னிரண்டையும் அழித்தான். ஆனால் அந்தச் செயலி எடுக்கிற படத்தைக் கணினியில் ஒன்று, கேமராவின் நினைவக அட்டையில் ஒன்று என இரண்டு இடத்தில் வைக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் நேரம் இருக்கும். அழுத்தியது கேமராவிலிருந்தா, கணினியிலிருந்தா என்பதும் இருக்கும். எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று அப்படி அமைத்து வைத்தது வேறு யாருமல்ல, அவன்தான்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினான். கேள்வி போனது. திரும்பி வந்தது.

திரையில் ஐந்தாவது சதுரம் திறந்தது. கறுப்பு. உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் ஒரு பாசிப் பச்சை, அதற்குள் மெதுவாக இறங்கும் தூசு. வெகு தூரத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு மஞ்சள் கட்டம்.

முகம் எதுவும் தெரியவில்லை. கட்டம் மட்டும் இருந்தது.

திரையில் ஒட்டிய தூசியாக இருந்தால் தட்டிவிடலாம். தட்டிப் பார்த்தான். திரை குளிர்ந்திருந்தது. ஈரச் சிமென்ட் வாசனை அடித்தது. கட்டம் பட்டாணி அளவாயிற்று. பிறகு தீப்பெட்டி அளவு. ஆடி ஆடி வந்தது, நடந்து வருகிறவனின் தலைபோல.

அவன் எழவில்லை.

கட்டம் சதுரம் முழுவதும் நிறைந்தது. விளிம்பைத் தாண்டியது. மறைந்தது.

படியில் காலடி. அதன் பின்னால் இன்னொரு காலடி, கொஞ்சம் சொதசொதவென்று.

கதவு திறந்தது. அக்கா. தனியாகத்தான் வந்திருந்தாள்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? கடனைக் கேக்க வந்தவளப் பாக்குற மாதிரியில்ல பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. நாலு மணிக்கு வர்றேன்னுதானே சொன்ன?"

"வீட்ல இருக்க முடியலடா. அவரு சிரிச்ச மாதிரி ஒரு படம் போதும். பெருசா போட்டு மாட்டணும். வேலைக்கு நடுவுல எடுத்ததுல ஒண்ணாச்சும் இருக்குமே?"

ஷூவின் பின்னாலிருந்த முக்காலியில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நான்கு சதுரங்களிலும் அவள் முகம் வந்தது. நான்கிலும் மஞ்சள் கட்டம் விழுந்தது.

"இது எதுக்குடா, கட்டம் கட்டமா?"

"மூஞ்சி எங்கருக்குன்னு காட்டும்க்கா."

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கட்டம் கூடவே ஆடியது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவள் உதடு லேசாக மலர்ந்தது. "அவரு இருந்தா இதுக்கு நாக்க நீட்டிக் காட்டுவாரு" என்றாள்.

அவன் கணினியை மூடக் கை நீட்டினான். அதற்குள் அவள் எழுந்து வந்து தோளுக்கருகில் குனிந்துவிட்டாள்.

"மாப்பிள்ளைன்னு போட்டிருக்கு. அது தண்ணியில போனதுதானே?"

"அது... பழைய கணக்கு. சும்மா காட்டும்."

"பன்னெண்டு படம் இருக்குன்னு சொல்லுது. அன்னிக்குத் தேதி போட்டிருக்கு."

"கெட்டுப்போன படம்க்கா."

"நீ அப்ப டீ வாங்கத்தானே போயிருந்த? எடுத்தது யாரு?"

குள்ளனின் தலை திரும்பியது. கால்கள் மூன்றும் அசையவில்லை. தலை மட்டும். பிறகு பெரியவர். நடுவுலவர். கடைசியாக, இரண்டு முறை சொன்னால்தான் கேட்கும் செவிடன், சொல்லாமலே. நான்கு லென்சுகளும் ஷூவை விட்டுவிட்டு அவனைப் பார்த்தன.

திரையில் அவனும் அக்காவும். அக்காவின் முகத்தில் ஒரு கட்டம்.

"உன் பக்கம் மட்டும் ஏன்டா ரெண்டு இருக்கு?"

ஒன்று அவன் முகத்தில். மற்றொன்று அவன் வலக் காதுக்கு ஒட்டி, ஒன்றுமில்லாத இடத்தில். பதிலைக் கேட்கக் குனிந்தவரின் உயரத்தில்.

கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

அக்கா காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அம்புக்குறி நகர்ந்தது. படமெடுக்கும் பொத்தானின்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

இன்னும் கொஞ்சம்.