முகத்துவாரத்தில் மூன்று புள்ளிகள்

2003 நவம்பர் 18. காலை 7.40.

எண்ணூர் முகத்துவாரத்தில் மூழ்கிய ஜீப்பைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் டிரைவர் உதயா பிணமாக உட்கார்ந்திருந்தான். காசிமேட்டுக்காரன், நன்றாக நீந்தக்கூடியவன். இடுப்பு பெல்ட் சிக்கிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் குணசுந்தரி அங்கிருந்தவர்களை விசாரித்தாள். போர்க்களத்தில் படையை எந்த வழியாக நகர்த்தலாம் என்று தளபதிக்கு யோசனை சொல்லும் கணினி ஒன்றைத் திருவொற்றியூர் கம்பெனி ஒன்று செய்திருந்தது. ராணுவத்துக்குக் காட்டுமுன் அன்று நான்கு ஜீப்புகளை வைத்து வெள்ளோட்டம். தளபதி இடத்தில் ஓய்வுபெற்ற மேஜர் கிருஷ்ணப்பன். கணினியை இயக்கியவர் இன்ஜினியர் வேதமாணிக்கம்.

6.20-க்கு, 'கடக்கலாம்' என்று திரையில் பார்த்த பிறகே ஜீப்பை அனுப்பியதாக மேஜர் சொன்னார். இன்ஜினியர் அதை அடியோடு மறுத்தார். கணினி தடுத்ததாம், மேஜர்தான் கேட்கவில்லையாம். அச்சிட்ட தாளையும் நீட்டினார். வரைபடத்துக்குக் கீழே, நேரம் 6.10: 'ஆழம் அதிகம். கடக்க வேண்டாம்.'

குணசுந்தரிக்கு இருவர் மீதும் சந்தேகம். தாள் இன்ஜினியர் பக்கம் பேசியது. மேஜரோ அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இந்தப் பச்சைப் புள்ளியெல்லாம் என்ன?" தாளில் இருந்த வரைபடத்தைக் காட்டிக் கேட்டாள்.

"ஜீப்புங்க, மேடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பெட்டி இருக்கு. எங்க நிக்குதுன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கும்," என்றார் வேதமாணிக்கம்.

"இன்னிக்குப் பெட்டி ஏதாவது மக்கர் பண்ணுச்சா?"

"இல்லவே இல்ல. ஜீப் கிளம்புற வரைக்கும் எல்லாமே கரெக்டா வேலை செஞ்சுது." குரலில் பெருமை இருந்தது.

கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த குப்பம்மா நடந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

"நாலு ஜீப்பும் விடிகாலைலேர்ந்து கரைலயே நின்னுகினு இருந்துச்சும்மா. அப்பால ஒண்ணு மட்டும் எறங்குச்சு. மழைக்கப்பறம் அங்க பெரிய பள்ளம் கீது. எங்காளுங்களே கால் வெக்க மாட்டாங்க."

9.30. கணினி இருந்த கம்பெனி வேனுக்குள் குணசுந்தரி அந்தத் தாளை இன்ஜினியர் முன் வைத்தாள்.

"புள்ளிய எண்ணுங்க."

அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மூணு," என்றாள் அவள். "6.10-க்கு நாலு ஜீப்பும் கரைல நின்னுது. நாலு பெட்டியும் வேலை செஞ்சுதுன்னு நீங்களே சொன்னீங்க. நாலாவது புள்ளி எங்க? இது உதயா முழுகி, அவன் ஜீப்புப் பெட்டி செத்த பிறகு அச்சடிச்ச தாள்."

வேதமாணிக்கம் உடைந்துபோனார். கணினியில் இருந்தது ஏப்ரலில் அளந்த ஆழம். மழைக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டியது அவர் பொறுப்பு, அளக்கவில்லை. ஜீப் மூழ்கியதும் புது ஆழத்தைப் போட்டு, கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பழியை மேஜர் தலையில் கட்டத் தாளை அச்சடித்தார்.

அவரை ஏட்டு அழைத்துப்போனதும், வேனில் உட்கார்ந்திருந்த மேஜரிடம் கிளம்பலாம் என்றாள் குணசுந்தரி. அவர் எழவில்லை.

"தண்ணி கருப்பா இருந்துதும்மா. ஆழம்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. உதயாவும் என்னைத் திரும்பிப் பார்த்தான். மெஷினே சொல்லுதேன்னு, போன்னு கையைக் காட்டிட்டேன்."

குணசுந்தரி வாக்குமூலத் தாள் ஒன்றை எடுத்து, மேலே அவர் பெயரை எழுதினாள்.