பூட்டிய அறையில் குறைந்த ரத்தம்

காலை ஒன்பது மணிக்கு, துரையின் ரத்தம் மறுபடியும் குறைந்திருப்பது தெரிந்தது. துரை ஒரு பூனை. ஈறுகள் வெளுத்து, கால்நடை மருத்துவமனை மேசையில் தலை தூக்க மனமில்லாமல் கிடந்தது.

"லுக்கேமியா வைரஸ் இருந்தா ரத்தம் ஊறாது. அதை ஊற வைக்க ஊசி போட்டோம், ரத்தமும் ஏத்தினோம்," என்றார் டாக்டரம்மா. "இங்க இருந்தப்ப அடம் பிடிச்சாலும் டப்பா தீனி கொஞ்சம் தின்னான், தேறினான். வீட்டுக்குப் போனா இறங்கிடறான்."

துரையை வளர்ப்பவள் பக்கத்தில் நின்ற தன் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் போலீஸ் இன்ஸ்பெக்டர். தங்கை விடாமல் நச்சரித்ததால் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றார் டாக்டரம்மா. "மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். புது ரத்த அணுக்கள் வந்துட்டுதான் இருக்கு. வந்ததெல்லாம் உடையுது. ஓரத்துல கொப்புளம் மாதிரி இருக்கு. அது வைரஸ் வேலை இல்ல."

"ஃபேக்டரி ஓடுது. சரக்கு வழியில களவு போகுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதேதான் சார். ஏதோ உள்ள போகுது. காய்ச்சல் மாத்திரை, வெங்காயம், பூண்டு, பூச்சி உருண்டை, எல்லாமே பூனைக்கு விஷம்."

"எதையும் நான் குடுக்கல டாக்டர்," என்றாள் தங்கை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "காரணம் தெரியாம எத்தனை தடவை ரத்தம் ஏத்துறது? சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா, வலியில்லாம தூங்க வெச்சிடலாம்."

தங்கை துரையைக் கூடைக்குள் வைத்து மூடினாள்.

பத்தரை மணி. தங்கையின் வீட்டில் துரையின் அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலில் கம்பி வலை, எங்கும் கிழியவில்லை. கதவின் சாவி தங்கையின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"பக்கத்து வீட்டு டிரைவர்தான்," என்றாள். "சுவர் ஓரம் பூரா பூச்சி உருண்டை போட்டிருக்கான். போய்ப் பாரு."

உருண்டைகள் இருந்தன. டிரைவர் அவற்றை மறைக்கவும் இல்லை. "தெருப்பூனை என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழிச்சுது சார். இவங்க பூனையை நான் கண்ணால பார்த்ததே இல்ல. தெருவே கேட்க என்னைக் கொலைகாரன்னு சொல்றாங்க உங்க தங்கச்சி."

துரையின் ஜன்னல் வீட்டின் மறுபக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது. பேசும் சாட்சிகளையே நம்ப முடியாத தொழிலில் இருக்கும் அவருக்கு, பேசாத ஒரு சாட்சியை ஒப்படைத்திருந்தார்கள்.

அடுத்தது தங்கையின் கணவர்.

"போதும், விட்டுடலாம்னு சொன்னது நான்தான் மச்சான். அவ தூங்கி எவ்வளவு நாளாச்சு. அதுக்காக விஷம் வைப்பேனா?"

"அந்த ரூமுக்குள்ள போறதுண்டா மாப்பிள்ளை?"

"விட்டாத்தானே. எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா. ஏதாவது வேணும்னா பூனைகிட்ட சொல்றா, எனக்குக் கேக்கற மாதிரி."

மதியம் ஒரு மணி. அடுப்பில் சின்னப் பாத்திரம். குழாயில் ஈரமான வெள்ளைத் துணித் துண்டு ஒன்று நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை பாத்திரத்திலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சில் பொன்னிறச் சாற்றை இழுத்தாள். டப்பா தீனிக்கு முகம் திருப்பும் துரை, இதற்கு மட்டும் தவழ்ந்து வந்தது.

"இது என்ன?"

"கோழி வேகவெச்ச தண்ணி. உப்புகூட போடல. இது ஒண்ணாலதான் உயிரைப் பிடிச்சிருக்கான். முடியாதப்ப இன்னும் கொஞ்சம் குடுப்பேன்." அவருக்கும் ஒரு டம்ளரில் ஊற்றினாள். "நீயும் குடி. காலையிலேருந்து வெறும் வயிறு."

குடித்தார். மனைவி போன பிறகு தன் சமையலைத் தானே செய்து பழகியவர் அவர். நாக்கில் எதுவோ நின்றது. இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு எழுந்து குழாயில் தொங்கிய துணியை எடுத்து மோந்தார்.

"மாப்பிள்ளையைக் கூப்பிடு."

மூவரும் சமையலறையில் நின்றார்கள்.

"வெறும் கோழித் தண்ணி இப்படி இனிக்காது," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தத் துணியில என்னம்மா கட்டின?"

"வெங்காயம்." அவள் குரலில் தயக்கமே இல்லை. "வெறும் தண்ணியை அவன் மோந்துகூட பார்க்கல. எப்படியாவது உள்ள போகணும்னு டாக்டர் சொன்னாங்க. வாசனைக்காக முடிச்சுக் கட்டிப் போட்டு, கொதிச்சதும் அப்படியே வெளிய எடுத்துடுவேன். ஒரு தோல்கூட உள்ள விழாது. அதுக்காகத்தான் துணியே."

"துணி வெங்காயத்தைப் பிடிச்சுது. சாறைப் பிடிக்கல."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வெளியிலேருந்து யாரும் வரல," என்றார் அவர் மெதுவாக. "ஆஸ்பத்திரியில இந்தத் தண்ணி கிடையாது, தேறினான். வீட்டுக்கு வந்தா குடிக்கிறான், ரத்தம் உடையுது. சோர்ந்து போனா நீ இன்னும் குடுக்கிற. குடுத்தது நீதான்."

"டாக்டர் வெங்காயம்னுதான் கேட்டாங்க. இல்லன்னேன். நான் பொய் சொல்லல அண்ணா."

"அவ பொய் சொல்லல மச்சான்," என்றார் கணவர். "என்னைக் கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

கணவர் அடுப்பை அணைத்தார். இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ரத்தத்தை உடைக்க அந்தச் சாறே போதும் சார்," என்றது போன். "உடனே நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை ரத்தம் ஏத்தலாம். ஊசியும் தொடரலாம். வைரஸ் போகாது, அதைச் சொல்லிடறேன். ஆனா இந்தக் களவு நிக்கும்."

மாலை ஐந்தரை. துரையின் முன்னங்கால் ஒன்றில் குழாய் வழியே ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு டப்பாவைத் திறந்து வைத்தார். துரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. சிரிஞ்சில் கொடுத்ததைத் துப்பியது. தங்கை கிண்ணத்தை நகர்த்தினாள், திருப்பினாள், கீழே வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

கணவர் ஒரு விரலில் கொஞ்சம் தீனியைத் தொட்டு, துரையின் குழாய் இல்லாத பாதத்தில் அப்பினார்.

அழுக்கைப் பொறுக்காத பூனை, கடுப்போடு அதை நக்கித் துடைத்தது. விழுங்கியது.

தங்கை பின்னங்கால் ஒன்றை மெல்லப் பிடித்து அவர் பக்கம் நீட்டினாள்.

"இதுலயும் தடவுங்க," என்றாள்.