பார்க்காதது போல் பார்ப்பது

"அதெல்லாம் பொய்க்கா."

"கண்ணால பாத்து எழுதினது எப்படிம்மா பொய்யாகும்?"

"நீங்க பாத்தது நெசந்தான். ஆனா, நீங்க பாக்குதீங்கன்னுதான் எல்லாரும் அப்படிச் செய்யுதாங்க."

பிரிஸில்லா அக்காவின் பென்சில் நின்றுவிட்டது.

அக்கா கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் யார் யாருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதற்காக, மூன்று நாளாகப் பாளையங்கோட்டையில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு வருகிறாள். நோட்டில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஒருவர் கொடுத்தால் அவர் எண்ணுக்கு நேரே ஒரு கோடு.

மூன்றே நாளில் நோட்டு முழுக்கக் கோடுகள்.

அதைப் பார்க்கப் பார்க்க ஆறாம் வகுப்பு ஃபஹ்மிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வகுப்புப் பையன் அம்மாரை எடுத்துக்கோங்க. நாலு வருசமா என்கூடப் படிக்கான். ஒரு கடலைமிட்டாய்கூட யாருக்கும் தந்ததில்ல. இப்ப என்னன்னா, பொரிச்ச மீன எல்லாருக்கும் நீட்டுதான். அதுவும் உங்களப் பாத்துக்கிட்டே. அவன் பக்கத்துல உக்காருத ஜாபேஸ் மட்டும்தான் வேண்டாம்னு திரும்பிக்கிட்டான்."

அக்கா சிரித்தாள். பிறகு முகம் வாடியது.

"அடுத்த வெள்ளிக்கிழமை இதக் கொடுக்கணுமே ஃபஹ்மிதா. பொய்யின்னு தெரிஞ்ச பிறகு எப்படிக் கொடுக்க?"

ஃபஹ்மிதா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு மாடியில ஒரு பூனை குட்டி போட்டுச்சு. நான் எட்டிப் பாத்தாலே குட்டியக் கவ்விக்கிட்டு ஓடிரும். அப்புறம் நான் அங்கன உக்காந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பிச்சேன். பூனை பக்கமே திரும்பல. நாலாம் நாளு, என் புத்தகப் பையில சாஞ்சு தூங்குது."

மறுநாள் அக்கா நோட்டோடு ஊசியும் நூலும் கொண்டுவந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலையணை உறையில் பூத்தையல் போட்டாள்.

முதல் நாள், அம்மார் அவளுக்கே மீனை நீட்டினான். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தையலில் குனிந்துகொண்டாள். இரண்டாம் நாள், "இலை கோணலா இருக்குக்கா" என்று ஒருத்தி குறை சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் இரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான்காம் நாள் அக்காவும் அந்த மரத்தின் ஒரு வேர் மாதிரி ஆகிவிட்டாள்.

அன்று ஃபஹ்மிதாவும் பக்கத்தில் அமர்ந்து பைய நிமிர்ந்து பார்த்தாள்.

சண்டை போட்ட இரண்டு சிறுமிகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி திரும்பாமலேயே ஊறுகாயைப் பின்னால் தள்ளினாள். மற்றவளின் கை, தானாகவே அதைத் தேடி எடுத்தது. ஒரு சின்னப் பையன் சிந்திய சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

தினமும் இதே மைதானத்தில்தான் அவளும் சாப்பிடுகிறாள். இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது? மூச்சு விட்டால்கூட எல்லாம் மறைந்துபோகும் போல் இருந்தது.

அப்போது ஜாபேஸ் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். டப்பாவில் வெறும் சோறு, ஓரத்தில் துளி ஊறுகாய்.

பக்கத்தில் இருந்த அம்மார் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். தன் மீனில் பெரிய துண்டை எடுத்து ஜாபேஸின் சோற்றுக்குள் புதைத்தான். மேலே சோற்றை மூடினான். பிறகு வானத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

ஜாபேஸ் வந்தான். சோற்றைக் கிளறினான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் தினமும் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்கள்.

 நான்கு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் இதை ஃபஹ்மிதா பார்த்ததே இல்லை.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள், "நான் சொன்னதும் பொய்தான்."

அக்கா தையலைக் கீழே வைத்து நோட்டைத் திறந்தாள். அம்மாரின் எண்ணுக்கு நேரே பென்சிலைக் கொண்டுபோனாள்.

டப்பாவைக் கழுவ எழுந்த அம்மார் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் சிவந்தது. ஜாபேஸ் எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மரத்தடிக்கு வந்து குனிந்தான்.

"அக்கா, அத மட்டும் எழுதாதீங்க. யாரும் பாக்கலன்னு நெனச்சுத்தான் அவன் சாப்பிடுதான்."