சக்கரம் தரை தொட்ட நேரம்

போன் அடித்தது.

"மாப்ள! இப்பதான் ஃப்ளைட் இறங்கினேன். உங்கக்கா போனை எடுக்க மாட்டேங்கிறா. மனசே சரியில்ல... ஓடிப்போய்ப் பாரேன்!"

"குளிச்சுக்கிட்டிருப்பா மாமா."

"சொன்னாக் கேளுடா!"

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. கதவு சும்மா சாத்தியிருந்தது.

சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் அக்கா கிடந்தாள். கழுத்தைச் சுற்றி... அயர்ன்பாக்ஸ் ஒயர்!

தம்பி பதறிப்போய் அதைப் பிடித்து இழுத்தான். "அக்கா... அக்கா!"

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். பிணத்தையும், ஒயரைப் பிடித்திருந்த தம்பியின் கைகளையும் பார்த்தாள்.

"ஐயோ! கொன்னுட்டான்!"

மறுநாள் மாலை. அதே ஹால்.

தம்பியின் கைகளில் விலங்கு.

டிராவல்ஸ் ஆபீஸ் நடத்தும் கணவன், ஊரிலிருந்து திரும்பி டாக்சியை விட்டு இறங்கியதுமே உள்ளே வந்து மச்சான் மீது பாய்ந்தான். "கூடப் பிறந்தவளைக் கொல்ல எப்படிடா மனசு வந்துச்சு? மேடம், ஒரு வாரமா ரெண்டு பேருக்கும் சண்டை!"

"ஆமா... சண்டைதான்." தம்பியின் குரல் உடைந்தது. "மாமாவை விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னா. நான்தான் பொறுத்துப் போன்னு கத்தினேன்..."

பெண் இன்ஸ்பெக்டர் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க போன ஊர் எவ்வளவு தூரம்?"

"வான் வழியா ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபது வருஷமா டிக்கெட் போடறேனே! மூணு மணிக்கு ஏறினேன். அஞ்சுக்குச் சக்கரம் தரையைத் தொட்டுச்சு. உடனே இவனுக்குப் போன் பண்ணேன்."

"அஞ்சுக்கா?"

"டாண்ணு அஞ்சுக்கு!"

"அங்கே நேத்து சாயங்காலம் இடி, மழை. ஃப்ளைட் இறங்க முடியாம மேலேயே வட்டமடிச்சுது. இறங்கினப்போ மணி அஞ்சே முக்கால்!"

கணவனின் கைக்குட்டை பாதிக் கண்ணீரில் நின்றது.

"சக்கரம் மேகத்துல இருக்கறப்ப நீங்க எந்தத் தரையில நின்னு பேசினீங்க? போன் கம்பெனியில விசாரிச்சேன். இந்த ஊர் டவர்!"

"ஏ... ஏறினவங்க லிஸ்ட்ல என் பேர் இருக்கே!"

"பேர்தான் உங்களுது." போட்டோவைக் காட்டினார். "இதுல மாப்பிள்ளை நீங்க யாரு, உங்க அண்ணன் யாருன்னு எனக்கே குழப்பம். அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்க. உங்க அடையாள அட்டையோட ஏறினது அவர். மதியமே பிடிச்சாச்சு. இறங்கினதும் 'லேட்டாயிடுச்சு'ன்னு உங்களுக்குப் போன் பண்ணாராமே? பாவம், அதுக்குள்ள நீங்க அஞ்சு மணிக்கே இறங்கிட்டீங்க!"

கான்ஸ்டபிள் தம்பியின் விலங்கைக் கழற்றினார்.

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொள்ளவில்லை. அக்கா கிடந்த இடத்தருகே உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்தான்.

"பொறுத்துப் போன்னு சொன்னேனே..."



விலங்கு கணவனின் கைக்கு மாறியது. "எ... எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"ஸ்டேஷனுக்கு. மூணு கிலோமீட்டர், ஏழு நிமிஷம். இடி, மழை வந்தாலும் எங்க ஜீப் மேலே வட்டமடிக்காது சார்... ஏறுங்க!"