வெளுத்த கால்

பால் கொடுக்கும்போது குழந்தையின் ஒரு பாதம் மட்டும் அஞ்சலாட்சியின் வயிற்றில் சில்லென்று பட்டது. துணியை விலக்கினாள். வலது கால் சிவப்பாக உதைத்துக்கொண்டிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே மெழுகாக வெளுத்து, வேறு யாருடைய காலோபோல் அசையாமல் கிடந்தது.

நர்ஸ் ஓதெத் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் அந்த ஆஸ்பத்திரியில் பேச்சு பிரெஞ்சுதான். பெற்றவள் ஒருத்தி அங்கே படுத்திருப்பதே தெரியாததுபோல் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். ஓர் ஊசி போட்டார்கள். பிறகு கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பதமாக ஆறவிட்டு, நன்றாக இருந்த வலது காலில் சுற்றினார்கள்.

"சில்லுனு இருக்கறது இந்தக் காலு. அந்தக் காலுக்கு எதுக்குப் போடுறீங்க?"

"டாக்டருக்குத் தெரியும். வெளுத்த காலைத் தொடாதீங்க" என்றாள் ஓதெத். ஏன் என்று அஞ்சலாட்சி மறுபடியும் மறுபடியும் கேட்டாள். யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்ற புருஷன் தணிகாசலம் டாக்டரைப் பார்த்து, "சரிங்க முசே" என்று கும்பிட்டான். அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மூலையில் ஸ்டவ் சீறிக்கொண்டே இருக்க, தரை கழுவிய லைசால் மருந்து நெடியோடு ஆவி கலந்து மூச்சை அடைக்க, கடல் இரைச்சல் சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்க, கொசுவலையின் நிழல் குழந்தையின் மேல் மெல்ல மெல்ல ஊர்ந்தது. வெளுப்பும் ஊர்ந்தது. முழங்காலைத் தாண்டிவிட்டது. விரல் நுனிகளில் நீலம்.

பிரசவ அறையிலிருந்து யாரோ கூப்பிட, ஓதெத் போய்விட்டாள். தணிகாசலத்தை முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

என் பிள்ளை. நான் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டுமாம்.

எழுந்தாள். ஸ்டவ்மேல் கொதிக்கும் நீரில் துணியை முக்கினாள். விரல் சுட்டது. பிழிந்தாள். வெளுத்த காலில் இறுக்கிச் சுற்றினாள்.

குழந்தை அழவில்லை.

சுகமாக இருக்கிறதுபோல. இதைச் செய்ய இத்தனை பேருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை முக்கினாள். இன்னும் சூடாக. அப்போதும் அழவில்லை. துணியின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

காலுக்கு ரத்தம் ஓடி வந்துவிட்டது.

வாசலில் ஓதெத்தின் காலடி. "வந்து பாருடி" என்றாள் அஞ்சலாட்சி, பல்லைக் கடித்துக்கொண்டு. துணியை உருவினாள்.

வழுக்கிக்கொண்டு வந்தது. கனமாக. துணியோடு தோலும். ஐந்து குட்டி விரல்களின் தோல், உறை கழன்றதுபோல்.

"ரத்தம் ஓடாத காலு சூடு தாங்காதுன்னுதானே, அந்தக் காலைச் சூடாக்கி இதுக்கு ரத்தம் வரவைக்கப் பார்த்தோம்!" என்று கத்தினாள் ஓதெத்.

குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.